தம்பியின் தலைவலியும் காந்தமும்

பைக்கிலிருந்து விழுந்த தம்பிக்கு ஸ்கேனில் ஒன்றுமில்லை. தலைவலி மட்டும் மாதக்கணக்கில் விடவில்லை. வலி மாத்திரை அதிகமானால் அதுவே தலைவலி தரும் என்று டாக்டர் அதைக் குறைத்துவிட்டு, காந்தத் தூண்டலைச் சொன்னார்.

"தலையில கரண்ட் வைப்பாங்களா?" என்று அம்மா பதறினாள். அந்த ஷாக் சிகிச்சை வேறு, இதற்கு மயக்க மருந்தே வேண்டாம். தலைமேல் வைக்கும் கம்பிச்சுருளின் காந்தப்புலம் மண்டையோட்டைத் தாண்டி, மூளையில் சிறு மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கர் குழு இதைச் செய்து காட்டியது.

எவ்வளவு பலமாகத் தூண்டுவது என்று முதலில் அளவு பார்த்தபோது தம்பியின் வலது கட்டைவிரல் தானாகத் துள்ளியது. அவனுக்கே சிரிப்பு. அப்புறம் மரங்கொத்தி கொத்துகிற மாதிரி டக் டக். காதை அடைத்துக்கொள்ளாமல் முடியாது.

தலையில் அடிபட்டபின் வரும் இந்த மாதிரி வலிக்கு அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் நடந்த சிறு ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன, அவ்வளவுதான். தம்பிக்கு வலி குறைந்திருக்கிறது, போகவில்லை. காந்தத்தாலா, மாத்திரையைக் குறைத்ததாலா? டாக்டரும் அடித்துச் சொல்லவில்லை.