பெருவுடையார் கோயிலில் ஒரு காலை

தஞ்சைப் பெரிய கோயிலின் நிழல் தரையில் விழாது என்று கேட்டுத்தான் நம்மில் பலர் வளர்ந்திருக்கிறோம். காலையில் பிராகாரம் சுற்றி வந்தால், கருவறைக்குப் பின்னால் மேற்கு முற்றத்தில் 216 அடி விமானத்தின் நிழல் நீளமாகக் கிடக்கிறது. அதில் உட்கார்ந்தபடியே ஒருவர் மகளுக்கு அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். “அப்போ இது என்னப்பா?” என்று தரையைத் தொட்டுக் காட்டினாள் அவள். கோயிலில் இப்படியெல்லாம் கேட்கக் கூடாது என்று அவர் அதட்டவில்லை. நிழல் எதுவரை போகிறது என்று பார்க்க அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தார். அந்த அப்பாவை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

இப்படிக் கேட்டதால்தான் இந்தக் கோயிலின் கதையே நமக்குக் கிடைத்தது. கரிகாலன் கட்டியது என்றுதான் தலபுராணம் சொல்லி வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் கல்வெட்டுகளை வாசித்த பிறகே, இது சோழ அரசன் முதலாம் ராஜராஜன் எடுப்பித்த கற்றளி, அதாவது கற்கோயில், என்பது உறுதியானது. தன் 25-ஆம் ஆட்சியாண்டில், 1010-இல், விமானத்துக்குக் கலசம் கொடுத்திருக்கிறான்.

அடித்தளத்தின் முன் குனிந்து நின்றேன். “நாம் குடுத்தனவும், நம் அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும்” கல்லில் வெட்டுக என்கிறான் அரசன். அக்கன் என்பது அவனுடைய அக்கா குந்தவை. க, ட, ப எல்லாம் பழகிய முகங்கள்போல ஒவ்வொன்றாகப் பிடிபட, சிலிர்த்துப்போனது. அணையாமல் எரியும் ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடு, அவற்றை மேய்ப்பவர்கள் நாளுக்கு ஓர் உழக்கு நெய் தர வேண்டும் என்று கணக்கு ஓடுகிறது. ஆடல் மகளிர் 400 பேரின் பெயர்களும், அவரவர் வீடு எந்தத் தெருவில் என்பதும்கூட உண்டு. இத்தனை துல்லியமாகக் கணக்கு வைத்தவர்களின் பக்தியை யார் குறை சொல்ல முடியும்?

பிறகுதான் சந்நிதிக்குப் போனேன். அந்தப் பிரம்மாண்ட லிங்கத்தின் முன் தீபாராதனை காட்டியபோது கண் நிறைந்தது. நிழலைப் பற்றிய உண்மை தெரிந்ததால் அதில் ஒரு துளியும் குறையவில்லை. அந்த நெய்க்கணக்கைப் படித்துவிட்டுப் பார்த்ததால், விளக்கைக் கும்பிடும்போது ஆடு மேய்த்தவர்களையும் சேர்த்தே கும்பிட்டேன்.

அடுத்து போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் எழுத்துகள் நன்றாக எடுப்பாகத் தெரியும். பிள்ளைகளோடு போனால் கல்வெட்டு வரிசையின் பக்கத்தில் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.