சாரம் யார் செலவு?

ஆகஸ்ட் 11, 2025, திங்கள்

கடையில் இன்று நாலு பேனர். இரண்டு மஞ்சள் நீராட்டு, ஒரு கண்ணீர் அஞ்சலி, ஒரு பிரியாணிக் கடைத் திறப்பு. எல்லாவற்றையும் கோரல் டிராவில் முடித்து மிஷினுக்கு அனுப்பியாயிற்று. முதலாளி கிளம்பின பிறகு அதே கம்ப்யூட்டரில் விண்ணப்பத்தைத் திறந்தேன். வடக்கே ஓர் ஊரில் ஆறு வாரம் தங்கிப் படைப்பு வேலை செய்யும் ரெசிடென்சி. போதிய வாய்ப்புக் கிடைக்காத பின்னணியில் இருந்து வரும் கலைஞர்களுக்கு முன்னுரிமையாம். சரி, நான்தான் அது.

பத்துப் படைப்புகளின் படம், ஒரே பிடிஎஃப், 5 எம்பிக்குள் இருக்க வேண்டும். என்னிடம் உருப்படியாக இருப்பவை ஆறு. கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தபோது வரைந்த கேன்வாஸ்கள் மன்னார்குடி வீட்டுப் பரணில்தான் இருந்தன. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து ஓட்டைப் பிரித்துப் போட்டதில் ஊறிப் போய்விட்டன. அப்போது யார் போட்டோ எடுத்து வைத்தார்கள்? "தனிநபர் கண்காட்சிகள்" என்ற இடத்தில் கோடு போட்டேன். "வெளியான கட்டுரைகள்", அதற்கும் கோடு.

உங்கள் வேலையை அறிந்த இருவர் பெயரும் வேண்டுமாம். சுவர் விளம்பரம் எழுதும் அப்பாவிடம் சொன்னதும் கட்சி வட்டச் செயலாளர் பெயரைப் போடச் சொன்னார். இருபது வருடமாக அப்பா எழுதிய சுவர்களை அறிந்தவர் அவர்தான் என்பதும் உண்மை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வயதுக் கணக்குப் பார்த்தேன். மத்திய கலாச்சார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருடம், 18 வயதிலிருந்து 25 வரை. அந்த வயதில் எனக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இப்போது வயது 33. ஜூனியர் ஃபெலோஷிப்புக்கு 25 முதல் 40 வரை, மாதம் 10,000. 40 தாண்டினால் சீனியர், மாதம் 20,000.

"அப்பா, உங்களுக்கு மாசம் இருபதாயிரம் தர்றாங்க, எழுதிப் போடலாமா?"

"எந்தச் சுவரு?"

"சுவர் இல்லப்பா. ஆராய்ச்சி. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பணம், ரிப்போர்ட் எழுதணும்."

"அந்த ஆறு மாசம் யாரு கைக்காசு?"

பதில் சொல்லாமல் தட்டைக் கழுவப் போனேன். அப்பாவுக்கு எந்த வேலை வந்தாலும் முதல் கேள்வி இதுதான். சாரம் யார் செலவு? படம் என்ன, எத்தனை நாள், என்ன கலர் எல்லாம் அப்புறம். சாரக்கம்புக்கும் கயிற்றுக்கும் நாம் முன்பணம் போட்டுவிட்டால், பாதி வேலையில் அவர்கள் கை ஓங்கிவிடும் என்பார்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பொதுச் சுவர் ஒன்றுக்கு அழைப்பு. யாருடையது என்று எழுதவில்லை. 1,200 சதுர அடி. மூன்று டிசைன் இலவசமாக அனுப்ப வேண்டும், தேர்வானால் பெயிண்ட் உட்பட மொத்தம் 25,000 ரூபாய். உள்ளூர்க் கலைஞர்களை, குறிப்பாகப் பெண்களை, வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் முயற்சியாம்.

இரவு அப்பா காலண்டர் தாள் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். பிரைமர் ஒரு கோட்டு, எமல்ஷன் இரண்டு கோட்டு. லிட்டருக்கு இரண்டு கோட்டில் அறுபது, அறுபத்தைந்து அடி வரும் என்றால் இருபது லிட்டர் பக்கம். பெயிண்டுக்கும் பிரைமருக்கும் 8,500. கையாள் இரண்டு பேர், ஆறு நாள், ஆளுக்கு 900 வீதம் 10,800. சாரம் வாடகை 4,000. கூட்டிப் பார்த்தால் 23,300. மீதி 1,700 ரூபாய், அப்பாவும் நானும் ஆறு நாள் வெயிலில் நின்றதற்கு.

கடைசிப் பக்கத்தில் ஜிஎஸ்டி எண் கட்டாயம் என்று வேறு இருக்கிறது. சேவைத் தொழிலில் வருடத்துக்கு 20 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவே தேவை. இருபது லட்சம் என்று சொன்னதும் அப்பா சிரித்த சிரிப்பில் அம்மா எழுந்து வந்து என்ன என்று கேட்டாள்.

விண்ணப்பிக்கவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குச் சென்னை. மறுநாள் பஸ் இரவில்தான் என்பதால் பாப்பாவை அவளிடம் விட்டுவிட்டுக் கண்ணகி நகர் போய்விட்டு வந்தேன். ரொம்ப நாள் ஆசை. துரைப்பாக்கத்தில் இறங்கி ஷேர் ஆட்டோ.

நகரத்துக்குள் ஆற்றோரமும் சாலையோரமும் இருந்த குடிசைகளில் இருந்து எடுத்துக் கொண்டுவந்து, 2000-க்குப் பிறகு குடியமர்த்திய இடம் இது. 2020-இல் ஸ்டார்ட் இந்தியா அமைப்பு சென்னை மாநகராட்சியோடு சேர்ந்து இந்த அடுக்குமாடிச் சுவர்களில் வரையத் தொடங்கியது. படங்கள் நன்றாகவே இருக்கின்றன. பொறாமையாக இருந்தது, மறைப்பானேன். ஒரு முகத்தின் கன்னம் மட்டும் இரண்டு மாடி உயரம். கட்டம் போட்டுப் பெரிதாக்கினார்களோ, வேறு விதமோ, கழுத்து வலிக்கப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தக் கன்னத்துக்கு நேர் கீழே ஓர் அம்மா குடங்களை வரிசை வைத்துக்கொண்டிருந்தார். படம் எப்படி என்று கேட்டேன். "அழகாத்தான் இருக்கு. முன்னெல்லாம் அட்ரஸ் சொன்னா வேலை தர மாட்டாங்க. இப்ப போட்டோ எடுக்க வர்றாங்க. தண்ணி மட்டும் அன்னிக்கு மாதிரியேதான்" என்றார்.

திரும்பும்போது ஈசிஆர் பக்கம் போய்ச் சோழமண்டலத்தையும் எட்டிப் பார்த்தேன். 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தன் மாணவர்களோடும் நண்பர்களோடும் தொடங்கிய கலைஞர் கிராமம். கல்லூரியில் இதைக் காவியம் மாதிரி சொல்லுவார்கள். எனக்குப் பிடித்தது அதில் வரும் பாத்திக் கதைதான். படம் விற்காது என்று தெரிந்து, மெழுகு வைத்துச் சாயம் போடும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, அந்தக் காசில் நிலம் வாங்கியிருக்கிறார்கள். நான் ஃப்ளெக்ஸ் அடிப்பதைப் பற்றி இனி யாரிடமும் கூச்சப்படப் போவதில்லை. (நிலம் வாங்குகிற அளவுக்கு அதில் காசு இல்லை என்பது வேறு விஷயம்.)

செப்டம்பர் 20, சனி

ரெசிடென்சி விண்ணப்பத்தில் என் கலையைப் பற்றி நானே எழுத வேண்டிய ஸ்டேட்மெண்ட் இன்னும் பாக்கி. ஆங்கிலத்தில் 500 வார்த்தை. கல்லூரித் தோழி ஒருத்தி டெல்லியில் இருக்கிறாள். இந்த உலகம் அவளுக்கு அத்துப்படி. அங்கே கிர்க்கியில் உள்ள கோஜ் என்ற கலைஞர் அமைப்பு, அது 1997-இல் ஒரு பட்டறையாகத் தொடங்கியது, பெங்களூரில் எந்த வீட்டு மாடியில் யார் தங்கி வேலை செய்யலாம், எல்லாம் விரல் நுனியில். நான் எழுதியதைப் படித்துவிட்டு போன் செய்தாள்.

"இதுல நீ எங்கடி இருக்க? எழுத்து, சுவர், நூல்னு எழுதியிருக்க. உங்க தெருவை எழுது. அப்பா கோயில் மதில்ல எழுதினதை எழுது. அதுதான் அவங்களுக்கு வேணும்."

அந்தக் கதை அவளுக்கு எப்போதோ சொன்னது. ஒரு ஊர்க் கோயில் மதிலில் திருவிழா அறிவிப்பு எழுத வருடா வருடம் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள், வெளிப்பக்கம். உள்பக்க மதிலுக்கு வேறு ஆள். அப்பாவின் எழுத்து வாசல் வரை போகும், அப்பா போகமாட்டார்.

எழுதிப் பார்த்தேன். ஒரே மூச்சில் 500 வார்த்தை வந்துவிட்டது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. படித்தால் யாருக்கும் தொண்டை அடைக்கும். ஆனால் அப்பா அந்த மதிலில் 'ஸ்ரீ' போட்ட அழகு அதில் ஒரு வரிகூட இல்லை. அவமானத்தை மட்டும் அனுப்பி இடம் வாங்குவதா? வெட்டினேன். அப்புறம் அதை எடுத்துவிட்டால் அந்த 'ஸ்ரீ' ஏன் முக்கியம் என்பதே தெரியாமல் போகிறதே என்று மறுபடி இரண்டு வரி சேர்த்தேன். அப்படியே அனுப்பிவிட்டேன். ஆறு வாரம் பாப்பாவை யார் பார்ப்பது என்பதை இடம் கிடைத்தால் யோசிக்கலாம். குழந்தையோடு வரலாமா என்று கேட்க விண்ணப்பத்தில் ஓர் இடமும் இல்லை.

திருநங்கையர் சேர்ந்து சுவரோவியம் வரையும் அரவாணி ஆர்ட் புராஜெக்ட் பற்றியும் தோழி சொன்னாள். 2016-இல் பெங்களூரில் தொடங்கியது, 2024-இல் வெனிஸ் பினாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் அவர்கள் சுவர் இருந்தது. தனித்தனியாக விண்ணப்பம் போடாமல் கூட்டாக நிற்பது ஒரு பலம்தான். இங்கே நானும் அப்பாவும் மட்டுமே கூட்டு.

செப்டம்பர் 28, ஞாயிறு

இன்று நல்ல நாள். கலைத் திட்டங்களுக்கு நிதி தரும் பெங்களூர் ஐ.எஃப்.ஏ., இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ், இந்திய மொழி எதிலும் திட்டம் எழுதி அனுப்பலாம் என்கிறது. 1993 முதல் இருக்கும் அமைப்பு. இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை.

தமிழில் எழுத உட்கார்ந்ததும் கை தானாக ஓடியது. திட்டம் இதுதான்: காவிரிப் பாசனப் பகுதியில் மிச்சமிருக்கும் சுவர் எழுத்தாளர்களின் எழுத்தையும் கைமுறையையும் பதிவு செய்வது. ஆங்கிலத்தில் 'லெட்டரிங்' என்று ஒரே சொல்லில் முடிந்து போனது, தமிழில் நாலு பக்கம் வந்தது. பக்கத்தில் அப்பாவை உட்கார்த்தி வைத்துக்கொண்டேன்.

நூல் அடிப்பதில் தொடங்கினேன். சலவை நீலம் தடவிய நூலை இரண்டு பேர் இரு முனையில் இழுத்துப் பிடிக்க, நடுவில் ஒரு சுண்டு. சுவரில் தலைக்கோடு விழும். அப்புறம் அடிக்கோடு. பெயரை இடமிருந்து எழுத ஆரம்பிக்கக் கூடாது. எழுத்தை எண்ணி, நடு எழுத்தைச் சுவரின் நடுவில் சாக்பீஸால் வைத்து, அங்கிருந்து இரு பக்கமும் போக வேண்டும். 'ண' இரண்டு எழுத்து இடம் தின்னும், 'ர' பாதிதான். 'ழ'வின் வால் அடிக்கோட்டுக்குக் கீழே இறங்கும், அதற்குக் கீழ்வரியில் இடம் விட வேண்டும். வால் அடுத்த வரியில் இடித்தால் "சுவர்ல சண்டை" என்பார் அப்பா.

அப்பா தொழிலுக்கு வந்தபோது 'ணை', 'லை' எல்லாம் தும்பிக்கை வைத்த பழைய எழுத்து. 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்ததும் வாத்தியார்கள் புதிய எழுத்துக்கு மாறினார்கள். அப்பாவின் குரு மாறவில்லை. "தும்பிக்கைய வெட்டுனா யானையாடா?" என்று கடைசி வரை பழைய 'லை'தான் போட்டாராம். அந்தக் கையெழுத்தில் ஒரு சுவரும் இன்று இல்லை. ஒரே ஒரு அரிசி மில் கதவு இருக்கிறது, நீடாமங்கலம் போகிற வழியில். அதைப் போட்டோ எடுத்து இணைத்திருக்கிறேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

தீபாவளி நெருங்குகிறது, கடையில் நிமிரக்கூட நேரமில்லை. பட்ஜெட் பக்கம் இன்றுதான் முடிந்தது. பஸ், தங்குமிடம், கேமரா வாடகை. நாங்கள் பார்க்கப் போகும் ஒவ்வொரு ஓவியருக்கும் ஒரு நாள் கூலி, ஏனென்றால் பேட்டி கொடுக்கிற நாளில் அவர் வேலைக்குப் போக முடியாது. எனக்கான தொகையில் பூஜ்யம் போட்டிருந்தேன். அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"உன் கூலி எங்க?"

"அது வேணாம்பா, கேட்டா கொடுக்க மாட்டாங்களோன்னு..."

"கூலி போடாத ஆள யாரு வேலைக்காரன்னு நம்புவான்?"

போட்டேன். என் ஃப்ளெக்ஸ் கடைச் சம்பளம் எவ்வளவோ அதே தொகை, மாதக் கணக்கில். அனுப்பும் பட்டனை அழுத்தும்போது கை வியர்த்தது.

நவம்பர் 3, திங்கள்

ரெசிடென்சி கிடைக்கவில்லை. நாலு வரி மெயில், மரியாதையான மெயில்தான். பெங்களூரில் இருந்து இன்னும் பதில் வரும் காலம் ஆகவில்லை. மழை. பாப்பாவுக்குச் சளி.

நவம்பர் 23, ஞாயிறு

தேர்தலுக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன, அதற்குள் சுவர் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மெயின் ரோட்டு நெல் குடோன் சுவருக்கு வெள்ளை அடித்து, மூலையில் கட்சிப் பெயரும் 2026-ம் போட்டு வைத்திருக்கிறது. தலைவர் பெயர் எழுத அப்பாவைக் கூப்பிட்டார்கள். கையாளுக்கு நான் போனேன்.

கட்சிக்காரத் தம்பி வந்ததும் அப்பா கேட்டது எல்லோருக்கும் தெரியும். "சாரம் எங்க செலவுதாண்ணே, கம்பு லாரியில வந்துட்டிருக்கு" என்றான் பையன். எந்த விண்ணப்பத்திலும் இவ்வளவு சீக்கிரம் இதற்குப் பதில் வந்ததில்லை.

நூல் அடித்தோம். அப்பா நடு எழுத்தை வைத்தார். ஒரு படத்தில் அடிக்கோலும் தெரியும்படி வைத்து, ஒவ்வொரு கட்டத்தையும் போனில் எடுத்தேன். அடுத்த முறை பத்துப் படம் கேட்டால் இருக்கும். சாயங்காலம் அப்பாவுக்குத் தோள் வலித்தது. பிரஷை நீட்டி, ஊர்ப் பெயரில் வரும் 'ழ'வை என்னைப் போடச் சொன்னார். கம்ப்யூட்டரில் ஆயிரம் 'ழ' இழுத்திருக்கிறேன். சுவரில் வளைவு திரும்பும் இடத்தில் மணிக்கட்டு நின்றுவிட்டது.

அப்பா கீழே இறங்கி, ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்று பார்த்தார். திரும்பி வந்து ஈரத்துணியால் வாலை மட்டும் துடைத்துவிட்டு, மேலே போன வளைவை அப்படியே விட்டுவைத்தார்.

"இருட்றதுக்குள்ள போடு" என்றார்.