7.8 கிலோ கியூப்

ஆறு வார இன்டர்ன்ஷிப் முடிந்து 19 நாள் ஆகிறது. சிமெண்ட் பட்டு விரல் நுனியில் உரிந்த தோல்கூட ஆறிவிட்டது. கல்லூரிக்குக் கொடுக்கிற அறிக்கையில் 'கற்றுக்கொண்டவை' என்று ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். சல்லடை, ஸ்லம்ப், கியூப், கம்பி என்று வரிசையாக எழுதி கையெழுத்தும் வாங்கியாயிற்று. அந்தப் பக்கத்தில் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு.

நான் போனது கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கிற ஒரு கூடம். முதல் நாள் முழுக்க மணல் சலித்தேன். 4.75 மில்லிமீட்டரில் தொடங்கி 150 மைக்ரான் வரை ஆறு சல்லடை, ஒவ்வொன்றிலும் தங்கியதை எடை போட்டு எழுதணும். இதைப் பற்றிச் சுவையாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. தும்மல் மட்டும் வந்தது.

இரண்டாம் நாள் சைட். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவரை இங்கே லேப் அண்ணன் என்றே வைத்துக்கொள்கிறேன். இருபது வருடமாகக் கியூப் (வலிமை பார்க்க அச்சில் வார்க்கிற கான்கிரீட் கட்டி) உடைக்கிறவர். எங்கள் பாடப்புத்தகத்தை நீட்டினால் சிரிப்பார், ஆனால் அதில் இருக்கிற ஒவ்வொரு எண்ணும் அவருக்கு மனப்பாடம். அன்று தூண்களுக்கு எம் 25 கான்கிரீட் (28ஆம் நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்கணும்), ஆறு கனமீட்டர் வண்டி வந்து நின்றது. முதலில் ஸ்லம்ப், அதாவது கலவை எவ்வளவு இளகலாக இருக்கிறது என்று பார்க்கிற சோதனை. 300 மில்லிமீட்டர் உயரக் கூம்பு, மூன்று அடுக்கு, அடுக்குக்கு 25 குத்து. கூம்பை அவர் நேராகத் தூக்கினார். கலவை மெதுவாக உட்கார்ந்தது. 110 மில்லிமீட்டர். "சரியா இருக்கு" என்றார்.

பிறகு கியூப். மொத்தம் ஆறு மோல்டு: ஏழாம் நாள் உடைக்க மூன்று, 28ஆம் நாள் உடைக்க மூன்று. முதல் மூன்றை அவரே போட்டுக் காட்டினார். 150 மில்லிமீட்டர் மோல்டில் ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் அடுக்காக மூன்று தடவை நிரப்பணும், ஒவ்வொரு அடுக்குக்கும் 35 குத்து. கம்பி முந்தின அடுக்குக்குள் கொஞ்சம் இறங்கணும், மூலைகளை விட்டுவிடக்கூடாது. அவர் குத்தும்போது வாய் தானாக எண்ணிக்கொண்டிருந்தது.

நாலாவது மோல்டை நான் கையில் எடுத்த நேரத்தில் பம்ப் பக்கம் சத்தம். கலவை இறுகுது, டிரம்மில் கொஞ்சம் தண்ணி விடுங்க என்று ஒருவர் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அண்ணன் ஓடினார். போகிறபோதே, "மீதி மூணையும் நீயே போட்டுடும்மா, எண்ணிப் போடு" என்றார்.

அவர் எதற்காக அப்படி ஓடினார் என்பதை அன்று ராத்திரி கணக்குப் போட்டுத்தான் புரிந்துகொண்டேன். கனமீட்டருக்கு 350 கிலோ சிமெண்ட், தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45 என்றால் அந்த வண்டியில் 945 லிட்டர் தண்ணீர். கனமீட்டருக்கு வெறும் பத்து லிட்டர், அதாவது 60 லிட்டர் ஹோஸில் போனாலே விகிதம் 0.48க்கு ஏறிவிடும். தண்ணீர் ஏற ஏற வலிமை இறங்கும் என்று டஃப் ஏப்ரம்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1918இலேயே அளந்து காட்டிவிட்டார். நூறு வருடம் தாண்டியும் சைட்டில் அந்த ஹோஸோடு சண்டை ஓயவில்லை.

அவர் அங்கே தண்ணீரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இங்கே நான் காற்றை உள்ளே விட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு விட்ட மூன்றில் முதல் இரண்டு மோல்டையும் ஒழுங்காகத்தான் போட்டேன். மூன்றாவதைத் தொடங்கும்போது, "தள்ளுவண்டி வேணும், சீக்கிரம் காலி பண்ணுங்க" என்று ஒரு குரல். கை வலி வேறு. மீதியிருந்ததை இரண்டே அள்ளாக அள்ளிப் போட்டேன். குத்தினேன், எண்ணவில்லை. பத்து இருக்கலாம், பன்னிரண்டு இருக்கலாம். மேலே கரண்டியால் மட்டும் நன்றாகத் தேய்த்துவிட்டேன். ஆறு மோல்டில் அதன் தலைதான் பார்க்க அழகாக இருந்தது.

மறுநாள் மோல்டு பிரித்தபோதே தெரிந்தது. ஒரு பக்கம் கீழ்மூலையில் ஜல்லி தெரிந்தது, சுற்றிச் சின்னச் சின்ன ஓட்டைகள். அண்ணன் அந்தப் பக்கம் கம்பி சோதனையில் இருந்தார். கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். தேதியும் எண்ணும் எழுதி, அந்த முகம் கீழே போகிற மாதிரி தொட்டித் தண்ணீரில் இறக்கி வைத்தேன்.

அதற்கப்புறம் நாலு வாரம். ஏழாம் நாள் கியூப்கள் மூன்றும் பிரமாதமாக வந்தன, போட்டது அவர்தானே. நான் மண்ணை இறுக்கினேன், சிமெண்ட் இறுகும் நேரத்தைக் காட்டுகிற விகாட் ஊசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். கம்பி எடைக்கு, விட்டத்தை வர்க்கப்படுத்தி 162ஆல் வகு என்று எல்லோரும் சொல்வார்களே, அந்த 162 எங்கிருந்து வருகிறது என்று ஒரு மத்தியானம் நோண்டினேன். இரும்பின் அடர்த்தி 7850, π-ஐ நாலால் வகுத்தது, மில்லிமீட்டரை மீட்டராக்குவது, எல்லாம் சேர்ந்து தலைகீழாக்கினால் 162. பன்னிரண்டு எம்எம் கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, தராசிலும் அதேதான். அந்த ஆறு வாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த மத்தியானம் அது. ஆனால் தொட்டியைக் கடக்கும்போதெல்லாம் கண் அந்த மூலைக்குத்தான் போகும்.

28ஆம் நாள். தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்து, உடைக்கிறதுக்கு முன்னால் எடை. முதல் கியூப் 8.2 கிலோ. இரண்டாவது 8.2. மூன்றாவது 7.8.

அண்ணன் தராசைப் பார்த்தார். கியூப்பைத் தூக்கித் திருப்பினார். ஓட்டைகளில் பெருவிரலை வைத்து ஒரு தடவை தேய்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை. "வை, உடைப்போம்" என்றார்.

வார்த்த முகம் பக்கவாட்டில் வருகிற மாதிரி அழுத்தும் இயந்திரத்தில் வைத்து, நொடிக்கு ஐந்து கிலோநியூட்டனுக்குச் சற்று மேலாகச் சுமை ஏற்றுவார்கள். முதலாவது இரண்டு நிமிடம் தாண்டி 702 கிலோநியூட்டனில் நின்றது. டமார் என்று வெடிக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை, ஓரங்கள் பொருபொருவென்று உதிர, முள் திரும்புகிறது, அவ்வளவுதான். எடுத்துப் பார்த்தால் நடுவில் இடுப்பு சிறுத்த உடுக்கை. இரண்டாவது 684. என்னுடையது 497இல் ஒரு பக்கமாகப் பிளந்துகொண்டு போனது.

சதுர மில்லிமீட்டருக்கு நியூட்டனில் 31.2, 30.4, 22.1. சராசரி 27.9. எண் என்னவோ 25க்கு மேல்தான். ஆனால் எந்தக் கியூப்பும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது. என்னுடையது 21 சதவீதம் கீழே. ஆக மூன்றுமே செல்லாது, ஒழுங்காகப் போட்ட அந்த இரண்டும் சேர்த்து.

எடையிலேயே கதை முழுக்க இருந்தது. 8.2க்கு 7.8 என்றால் ஏறக்குறைய ஐந்து சதவீதம் வெற்றிடம். ஐந்து சதவீதக் காற்று முப்பது சதவீத வலிமையைத் தின்னும் என்று வகுப்பில் எழுதிக்கொண்ட வரிதான். ஒரு கியூப்பில் ஐந்து சதவீதம் என்றால் ஒரு டம்ளர் காற்றுகூட இல்லை.

"அன்னிக்கு மோல்டு பிரிக்கும்போது பார்த்தியா?" என்று கேட்டார்.

"பார்த்தேன்ணே."

"அன்னிக்கே சொல்லியிருந்தா குறிப்புல எழுதியிருப்பேன்" என்றார். திட்டியிருக்கலாம்.

மாதிரி செல்லாமல் போனதால் தூண்களை ரீபவுண்ட் ஹாமரால் தட்டிப் பார்க்கச் சொன்னார்கள். எர்ன்ஸ்ட் ஷ்மிட் என்ற சுவிஸ் பொறியாளர் 1948 வாக்கில் உருவாக்கிய சுத்தியல். தட்டினதும் உள்ளே எடை எவ்வளவு துள்ளித் திரும்புகிறது என்று அளக்கும். மேற்பரப்பின் கடினத்தை மட்டும்தான் சொல்லும், உள்ளே இருப்பதை ஊகிக்கணும். நான் கல்லால் பூச்சைத் தேய்த்துக்கொடுத்தேன், அண்ணன் தட்டினார். எல்லாத் தூணிலும் 34க்கும் 38க்கும் நடுவில்.

மேஸ்திரி பக்கத்தில் வந்து நின்றார். "எங்க கான்கிரீட்ல என்னம்மா குறை?"

"ஒண்ணுமில்லைண்ணே. நான் போட்ட கியூப்லதான் குறை."

"அப்போ எங்க தூணை ஏன் தட்டுறீங்க?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. கல்லை எடுத்துக்கொண்டு அடுத்த தூணுக்குப் போனேன்.

கூடத்துக்குத் திரும்பினதும் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். குறிப்புக் கட்டத்தில், 'மூன்றாம் மாதிரி சரியாக இறுக்கப்படவில்லை' என்று நானே எழுதி, பக்கத்தில் என் பெயரையும் போட்டேன்.

கடைசி நாளும் சைட்தான். அன்றைக்கு ஆறு மோல்டையும் நான் போட்டேன். உதடு அசையாமல் எண்ண எனக்கு இன்னும் வரவில்லை, சத்தமாகத்தான் எண்ணினேன், பம்ப்காரர்கள் சிரித்தார்கள். மறுநாள் நான் அங்கே இல்லை, மோல்டைப் பிரித்தது அண்ணன்தான். ஏழாம் நாள் எண்கள் வாட்ஸ்அப்பில் வந்தன, மூன்றும் ஒன்றுக்கொன்று பக்கத்தில். மீதி மூன்றுக்கு இன்னும் ஒன்பது நாள். உடைக்கிறதுக்கு முன்னால் எடையையும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.