லிங்க் போட்டாச்சு என்றால் போட்டாச்சா?

மண்டபம் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனி. மீன்பிடித் தடைக்காலம், மே மாத வெயில். விசைப்படகெல்லாம் கரையில் நின்றாலும் நாட்டுப்படகுகளுக்கு ஐஸ் போக வேண்டுமே, அதனால் ஒரு கம்ப்ரசர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பேனலில் ஆர், ஒய், பி என்று மூன்று ஃபேஸுக்கும் கரண்டைக் காட்டும் ஆம்ப்மீட்டர்கள். ஆர், ஒய் 110 காட்டுகின்றன. பி மட்டும் 70. மோட்டார் போய்விட்டதோ என்று பயந்துபோய் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

கேபிளைக் கழற்றாமல் சுற்றிக் கவ்விக் கரண்டை அளக்கும் டாங் டெஸ்டரை பி ஃபேஸ் கேபிளில் மாட்டினேன்: 111 ஆம்ப்ஸ். மோட்டாருக்கு ஒன்றுமில்லை. அப்புறம் சி.டி.யின் செகண்டரி ஒயரில் மாட்டினேன். சி.டி. என்றால் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்; கேபிளில் ஓடும் பெரிய கரண்டை (பிரைமரி) மீட்டருக்கு ஏற்றபடி சின்னதாக்கி செகண்டரியில் தரும். இது 200/5 சி.டி., அதாவது 200 ஆம்ப்ஸுக்கு 5 ஆம்ப்ஸ் தரும்; கணக்குப்படி 2.8 வாக்கில் வர வேண்டும், வந்ததோ 1.75. ஆக, மீட்டர் பொய் சொல்லவில்லை, தனக்கு வந்ததைத்தான் காட்டுகிறது. போதாததற்கு அந்த சி.டி. மட்டும் லேசாக உறுமிக்கொண்டிருந்தது.

சரி, ஒப்பிட்டுப் பார்க்கும் துல்லியமான ஸ்டாண்டர்டு மீட்டரை செகண்டரி ஒயரில் சீரீஸில் போட்டுப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். லோடு ஓடும்போது சி.டி. செகண்டரியைத் திறக்கவே கூடாது. திறந்தால் எதிர்த்து நிற்க செகண்டரி கரண்ட் இருக்காது. பிரைமரி கரண்ட் முழுவதும் சி.டி.யின் இரும்புக் கோரைக் காந்தமாக்கப் போய்விடும். இரண்டு மூன்று வோல்ட் இருந்த இடத்தில் நூற்றுக்கணக்கில், பெரிய சி.டி. என்றால் ஆயிரக்கணக்கில் வோல்ட் குதிக்கும். அதனால்தான் முதலில் ஒயர்கள் சேரும் டெர்மினல் பிளாக்கில், செகண்டரியின் இரண்டு முனைகளையும் நேரடியாக இணைக்கும் ஷார்ட்டிங் லிங்க் போடுகிறோம். மல்டிமீட்டரை சீரீஸில் மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். அதற்குள் ஃபியூஸ் இருக்கிறது; அது போனால் செகண்டரி திறந்த கதைதான்.

"லிங்க் போட்டாச்சுண்ணே, கழட்டவா?" என்றான் கூட வந்த தம்பி.

"பொறுடா" என்று ஆம்ப்மீட்டருக்குப் போகும் ஒயரில் டாங் டெஸ்டரை வைத்தேன். லிங்க் உண்மையிலேயே பிடித்திருந்தால் கரண்ட் அதன் வழியாகவே திரும்பிவிடும், மீட்டர் பக்கம் ஏறக்குறைய பூஜ்யம் ஆக வேண்டும். ஆர் இறங்கியது. ஒய்யும் இறங்கியது. பி 1.6-லேயே நின்றது.

டார்ச் அடித்துப் பார்த்தால் வாஷருக்கு அடியில் பச்சைக் களிம்பு. உப்புக்காற்று ஒரு பக்கம், கம்ப்ரசர் அறை அம்மோனியா ஒரு பக்கம். செம்பும் பித்தளையும் எத்தனை நாள் தாங்கும்? கண்ணுக்கு லிங்க் போட்டிருந்தது, கரண்டுக்குப் போடவில்லை. தம்பி அந்த ஒயரைக் கழற்றியிருந்தால்... வேண்டாம்.

ஓட்டத்தில் கைவைப்பதில்லை என்று சொல்லிவிட்டேன். முதலாளி முணுமுணுத்துவிட்டு ராத்திரி 11 மணிக்கு ஷட்டவுன் கொடுத்தார். மெயினை இறக்கிப் பூட்டி, சப்ளை இல்லை என்று டெஸ்டர் வைத்து உறுதிசெய்து, எர்த் போட்ட பிறகுதான் ஸ்குரூடிரைவரை எடுத்தேன்.

களிம்பேறிய அந்த இணைப்பின் ரெசிஸ்டன்ஸ் மட்டும் 3 ஓம் இருந்தது. சி.டி.யின் சுமக்கும் திறனோ 5 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) தான், 5 ஆம்ப்ஸில் 0.2 ஓம் வரைக்கும்தான் அது சுமக்கும். கரண்ட் குறைந்ததும் உறுமியதும் அதனால்தான். பிளாக்கை மாற்றி, ஈயம் பூசிய ரிங் லக்கை (ஒயர் நுனிக்கான வளையம்) கிரிம்ப் செய்து, அதாவது ஒயரோடு இறுக அழுத்தி, மாட்டினோம். செகண்டரி எர்த்தைப் பிரித்து இன்சுலேஷனைச் சோதிக்க 500 வோல்ட் மெக்கர் போட்டுவிட்டு மறுபடி மாட்டினேன். எர்த்தை மறுபடி மாட்ட மறப்பவர்கள் உண்டு, நானும் ஒருமுறை மறந்திருக்கிறேன். பிரைமரியில் 100 ஆம்ப்ஸ் செலுத்தியபோது ஸ்டாண்டர்டு மீட்டர் 2.49 காட்டியது. மீட்டர் ஒயருக்கும் ரிங் லக்தான். முதலைக் கிளிப்பை நான் நம்புவதில்லை.

காலையில் மூன்று மீட்டரும் 110-ஐ ஒட்டி நின்றன. பேனலை கம்ப்ரசர் அறைக்கு வெளியே மாற்றச் சொன்னேன். "தடைக்காலம் முடியட்டும் தம்பி" என்றார் முதலாளி. ஜூன் 14 போய் எத்தனையோ நாளாச்சு, பேனல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.