மிஸ்டு கால் கொடுத்தால் எரியும் சிவப்பு விளக்கு

40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறைக்கு வருகிறவர்கள் சிங்கவால் குரங்கைத் தேடிப் புதுத்தோட்டம் போவார்கள். நான் மளுக்கப்பாறை பஸ்ஸில் ஏறி, கேரள எல்லைக்குச் சற்று முன்பாக ஓர் எஸ்டேட் முக்கில் இறங்கிக்கொண்டேன். டீக்கடைக்கு எதிரே இரும்புக் கம்பம். அதன் உச்சியில், அருகே யானை நிற்பதை எச்சரிக்கும் சிவப்பு விளக்கு, வெளிச்சம் மங்கும் முன்பே எரிந்துகொண்டிருந்தது.

"ஆற்றோரச் சோலையில் நிற்கின்றன. குட்டியும் இருக்கிறது" என்றார் கடைக்கார அக்கா. "வாட்சர் தம்பி வந்து சொன்னான். நான்தான் போன் போட்டேன்."

விளக்குப் பெட்டிக்குள் சிம் கார்டு இருக்கிறது. பதிவு செய்த எண்ணிலிருந்து மிஸ்டு கால் கொடுத்தால் போதும், எரியும். அந்த உரிமை வனத்துறையிடம் மட்டுமில்லை, அக்காவைப் போன்ற ஊர்க்காரர்களிடமும் இருக்கிறது. இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்ததே இதுதான். அகழி, மின்வேலி என்று யானையைத் தடுக்கும் திட்டங்களில் ஊர்க்காரர்களுக்கு வேடிக்கை பார்ப்பதைத் தவிர என்ன வேலை?

வால்பாறை சுமார் 220 சதுர கிலோமீட்டர் மேட்டுநிலம், ஏறக்குறைய 70,000 பேர். பகலில் துண்டு துண்டான சோலைகளில் ஒதுங்கும் யானைகள், பொழுது சாய்ந்ததும் தேயிலைக்குள் இறங்கி நடக்கும். கடையிலிருந்தும் பஸ்ஸிலிருந்தும் மனிதர்கள் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குத் திரும்பும் நேரமும் அதுதான். யானை தாக்கி இறந்தவர்களில் பெரும்பாலோர்க்கு யானை அங்கே நிற்பதே தெரிந்திருக்கவில்லை. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் ஆய்வாளர் ஆனந்தகுமாரின் குழு இதைக் கண்டறிந்த பிறகுதான், 2011இல் வனத்துறையோடு சேர்ந்து, யானை நிற்கும் இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்குக் குறுஞ்செய்தி போகத் தொடங்கியது. உள்ளூர் கேபிள் டி.வி.யிலும் செய்தி ஓடியது. 2015இல் ஆனந்தகுமாருக்கு, இயற்கைப் பாதுகாப்புக்காகத் தரப்படும் விட்லி விருது கிடைத்தது.

சேதம் நின்றுவிடவில்லை. பக்கத்து ரேஷன் கடைச் சுவரில் ஆளுயரத்துக்குப் புது சிமென்ட் பூச்சு, ஓரம் இன்னும் ஈரமாக இருந்தது. அரிசி வாசனைக்கு யானை வந்ததாம். அக்கா தன் அரிசி மூட்டையைச் சன்னலோரம் வைப்பதே இல்லை.

பேசிக்கொண்டிருந்தபோது ஒரு கார் விளக்கடியில் நின்றது. செல்போனோடு இறங்கிய இளைஞர்கள் சோலைப் பக்கம் நடந்தார்கள். வாட்சர் ஓடி வந்தார். "ஐயா, இது யானையைக் காட்டும் விளக்கு இல்லை, உங்களைத் திருப்பி அனுப்பும் விளக்கு. வண்டியில் ஏறுங்கள்!"

அவர்கள் அதிரப்பள்ளி போக வேண்டுமாம். இருட்டிவிட்டால் மளுக்கப்பாறை சோதனைச் சாவடியில் விடமாட்டார்கள் என்று அக்கா சொன்னதும் கார் வால்பாறைக்கே திரும்பியது. நானும் அதில் இடம் கேட்டு ஏறிக்கொண்டேன்.