மைலோ கிளம்புமுன் பதிந்த 22 நிமிடங்கள்

மைலோ என்றதும் நம்மூர் சிங்கப்பூரில் காப்பிக்கடைக் குவளைதான் கண்முன் வரும். இந்த மைலோ ஓர் ஆள். கலிஃபோர்னியாவின் டிசென்டென்ட்ஸ் என்ற பங்க் ராக் குழுவின் பாடகர் மைலோ ஆக்கர்மன். உயிரியல் படிக்கப் போகிறார் என்பதையே தலைப்பாக்கி, 1982இல் 'மைலோ கோஸ் டு காலேஜ்' ஆல்பத்தை வெளியிட்டார்கள். அட்டையில் கண்ணாடியும் டையுமாக ஒரு கோட்டுச்சித்திரம். உள்ளே 15 பாட்டு, மொத்தம் ஏறக்குறைய 22 நிமிடம். அங் மோ கியோவில் ரயில் ஏறினால் ராஃபிள்ஸ் பிளேஸ் வரும்போது கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

பெற்றோருடன் சண்டை, கைகூடாத காதல், மீன்பிடிப்பு என்று பதின்வயதுச் சரக்குதான். 'சபர்பன் ஹோம்' மட்டும் வேறு ஜாதி. ஊரோடு ஒத்துப்போகும் வீடு வேண்டும் என்று கேட்கும் அந்தப் பாட்டை எழுதியவர், மற்றவர்களைவிட வயதில் மிகவும் மூத்த பேஸ் கிட்டார் வாசிப்பாளர் டோனி லொம்பார்டோ. அதைக் கிண்டலாகப் பாடினால் சப்பென்று போகும். பிடிஓ, அதாவது புதிய அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்கு விண்ணப்பம் போடுகிறவரின் ஆசையோடு பாடிப் பாருங்கள். சில பாட்டுகளில் ஓரினச்சேர்க்கையாளர்களை இழிக்கும் சொற்களும் உண்டு; மேடையில் அவற்றைத் தயங்காமல் மாற்றலாம்.

இந்தப் பாட்டுகளை வாசிக்கப் போகிறவர்கள் முதலில் தடுமாறுவது டிரம்ஸில். காலால் அடிக்கும் கிக், கையால் அடிக்கும் ஸ்நேர் இரண்டும் மாறி மாறி ஓட வேண்டும். எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் அடித்தால் மூன்றாவது பாட்டுக்குள் முன்கை இறுகி, வேகம் தளரும். தாளம் காட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 140 அடியில் வைத்து, மூன்று முறை பிசகாமல் வந்த பிறகே 5 கூட்டுங்கள். குச்சியை இறுக்கிப் பிடிக்க வேண்டாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் ரப்பர் பயிற்சிப் பலகை போதும். ஆனால் கிக் பெடல் அதிர்வு கீழ்வீட்டுக் கூரையில் கேட்கும், அடியில் தடித்த பாய் போடுங்கள்.

பேஸ்தான் இந்த ஆல்பத்தின் பாதி மெட்டு. கிட்டார் போகும் சுரத்தையே பின்தொடர்ந்தால் பாட்டு தட்டையாகிவிடும். பிக் (கம்பியை மீட்டும் சிறு வில்லை) கொண்டு, கம்பிகள் உடலில் பொருந்தும் பிரிட்ஜுக்குச் சற்று அருகில் வாசித்தால் ஒவ்வொரு சுரமும் தெளிவாக விழும். கிட்டார்காரர் டிஸ்டார்ஷன் என்னும் கரகரப்பைப் பாதிக்குக் குறைத்து, மிட்ஸ் என்னும் நடுத்தர ஒலிகளை ஏற்ற வேண்டும். வீட்டில் தனியாக மிட்ஸைக் குறைத்துக் கேட்கும்போது கம்பீரமாகத்தான் இருக்கும். குழுவாக வாசிக்க வாடகைக்கு எடுக்கும் ஜேமிங் ஸ்டுடியோவில் டிரம்ஸின் உலோகத் தட்டான சிம்பல் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போகும். கீழ்நோக்கி ஓங்கி அடிக்கும் கைக்கு 9 கேஜ் தடிமனுள்ள மெல்லிய கம்பி சுருதி நிற்காது. 10 அல்லது 11 போடுங்கள். நம்மூர் ஈரப்பதத்தில் கம்பியைத் துடைக்காமல் பைக்குள் வைத்தால் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

மைலோ வெறுமனே கத்துபவர் அல்லர், பாடுபவர். மெட்டை முதலில் மெதுவாக முணுமுணுத்துப் பழகாதவர்களுக்குத் தொண்டைதான் முதலில் போகும்.

நம்மூர்க் குழுக்களில் பையன்களுக்குப் பதினெட்டு வயதானதும் தேசிய சேவை என்னும் கட்டாயச் சீருடைப் பணி வந்து நிற்கும். ஆளுக்கு இரண்டு ஆண்டு, அதுவும் ஒரே நேரத்தில் போக மாட்டார்கள். அதனால் முதல் ஆள் போகுமுன் பதிந்துவிடுங்கள். மூன்று மணி நேர வாடகைக்கு ஐந்து பாட்டு போதும். முதல் 40 நிமிடம் டிரம்ஸ் சுருதிக்கும் மைக் வைப்பதற்குமே போய்விடும். டிரம்ஸ், பேஸ், கிட்டார் மூன்றையும் சேர்ந்தே வாசித்துப் பதியுங்கள். தனித்தனியாகப் பதிந்தால் வேகம் இருக்கும், உந்துதல் இருக்காது. குரல் பிறகு, அதிலும் கத்தல் அதிகமுள்ள பாட்டு கடைசியில். கைப்பேசியில்தான் பதிவு என்றால் அதை டிரம்ஸுக்கு எதிரே வைக்காதீர்கள், சிம்பல் எல்லாவற்றையும் விழுங்கிவிடும். பாடகரின் ஒலிபெருக்கிப் பக்கம் வையுங்கள்.

மைலோ போன பிறகு டிரம்ஸ்காரர் பில் ஸ்டீவன்சன் பிளாக் ஃபிளாக் குழுவில் வாசித்தார். 1985இல் மைலோ திரும்பி வந்து அடுத்த ஆல்பத்தைப் பாடினார். பின்னாளில் முனைவர் பட்டமும் வாங்கினார்.

அட்டைப்படத்தை மட்டும் முகாமில் தலைமுடி வெட்டிய பிறகு எடுக்கலாம். அந்த டை செய்த வேலையை மொட்டைத்தலை செய்யும்.