கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தேன்

"அப்ப அடுத்த வாரத்திலேர்ந்து நீங்களே நடத்துங்க சார்."

கோபமாகச் சொல்லவில்லை. மூன்று அட்டைகளையும் ரப்பர் பேண்டு போட்டு என் மேசையில் வைத்துவிட்டுத்தான் சொன்னாள். ஆறு மாதம் ஆகிவிட்டது. இன்னும் அது காதில் இருக்கிறது.

அவளை எங்கள் கல்லூரி ஆங்கில மன்றத்தின் தலைவியாக்கியது நான்தான். ஆங்கில மன்றம் என்றால் வாத்தியார் பேசுவார், பிள்ளைகள் கைதட்டுவார்கள் என்று கிடந்ததை மாற்றத்தான், மேடையில் பேசிப் பழகுவதற்கான டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களின் முறையைக் கொண்டுவந்தேன். 1924-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய அந்த மன்றங்களில் ஆசிரியர் என்று யாரும் கிடையாது. ஒருவர் நேரம் பார்ப்பார், ஒருவர் 'ஆ', 'ம்' என்று இழுப்பதை எண்ணுவார், ஒருவர் இலக்கணம் கவனிப்பார். தயாரிக்காமல் பேசும் சுற்றில் ஒரு நிமிடத்துக்குப் பச்சை அட்டை, ஒன்றரைக்கு மஞ்சள், இரண்டுக்குச் சிவப்பு. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் மேல் கலர் பேப்பர் ஒட்டி அட்டைகளைப் பிள்ளைகளே செய்தார்கள். நான் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டேன்.

அன்று பேச வந்தவள் முதலாமாண்டு, பன்னிரண்டு வரை தமிழ்வழி. தலைப்பு, ஊர்ச் சந்தை. "இன் மை வில்லேஜ்" என்றாள். அப்புறம் ஒன்றும் வரவில்லை. துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். தலைவி பக்கத்தில் போய், "பரவால்ல, தமிழ்ல சொல்லு. எல்லாரும் சேர்ந்து இங்கிலீஷ்ல மாத்திக்கலாம்" என்றாள். அந்தப் பெண் கடகடவென்று ஆரம்பித்துவிட்டாள். பச்சை அட்டை உயர்ந்தபோது கருவாட்டுக் கடைப் பாட்டி தராசில் விரலை வைத்து அழுத்துவதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். வகுப்பே சிரித்தது.

நான் எழுந்து, "ஒன்லி இங்கிலீஷ், ப்ளீஸ்" என்றேன். அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள்.

அந்த விதி நான் போட்டதில்லை, மாணவர்களே போட்டது. வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் மன்றம், அதிலும் தமிழுக்குத் தாவினால் வேறெங்கே பேசிப் பழகுவார்கள்? வேலைக்கான நேர்முகத் தேர்வில் யாரும் சேர்ந்து மொழிபெயர்த்துத் தரப் போவதில்லை. இதையெல்லாம் அன்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன்.

ஆனால் அன்று காலைதான் என் வகுப்பில் பாஸிவ் வாய்ஸைத் தமிழில் விளக்கியிருந்தேன். எனக்கு இருக்கும் உரிமை தலைவிக்கு ஏன் இல்லை? அவள் விதியை மீறினாளா, அல்லது பேச்சு நின்றுபோன ஒருத்தியைக் காப்பாற்ற ஒரு வழி கண்டுபிடித்தாளா? அவள் முடிவு தப்பாகவே இருக்கட்டும். கூட்டம் முடிந்த பிறகு தனியாகச் சொல்லியிருக்கலாமே. சரியான முடிவை மட்டும்தான் எடுக்கலாம் என்றால் நான் ஒப்படைத்தது பொறுப்பையா, அட்டைகளையா? சரி, எல்லாரும் தமிழிலேயே பேச ஆரம்பித்தால் அப்போதும் சும்மா உட்கார்ந்திருப்பேனா? இருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

மன்னிப்புக் கேட்டேன். இப்போதும் அவள்தான் நடத்துகிறாள், நன்றாகவே நடத்துகிறாள். ஆனால் எதை மாற்றுவதானாலும் முதலில் ஒருமுறை கடைசி பெஞ்சைப் பார்க்கிறாள். நானும் தலையை ஆட்டிவிடுகிறேன். அந்த முதலாமாண்டுப் பெண் ஒரு வாரம்கூடத் தவறாமல் வருகிறாள். நேரம் பார்க்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறாள்.